மூன்று முறை தொட்டபின்

காலை ஏழரைக்கு
குளுகோரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே
இன்றைக்கு எத்தனை செத்திருக்கும் என்று
மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பேன்.
நேற்று நாற்பத்தொன்று.
இன்று முப்பதுக்குக் குறையாது.

இருபது டிகிரியில்தான் அவை வாழும்.
நான் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன்.
வெளியே பினாங்கு வெந்துகொண்டிருக்க
ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுக்களுக்காக
ஓடுகிறது மின்சாரம்.

வேலை இவ்வளவுதான்:
தலைமுடி போன்ற பிளாட்டினக் கம்பியைத்
தீயில் காட்டி ஆறவிட்டு
அசையாமல் கிடப்பதன் தலைமாட்டில் தொட வேண்டும்.
ஒருமுறை. இருமுறை. மூன்று முறை.
அசைந்தால் உயிர்.
அசையாவிட்டால் தாளில் ஒரு கோடு.
சங்கு, சேகண்டி, பதினாறாம் நாள்
ஒன்றும் கிடையாது.

பாதித் தட்டுகளில் நீல ஸ்டிக்கர், பாதியில் மஞ்சள்.
ஒன்றுக்கு ஆயுள் மருந்து, மற்றதற்கு வெறும் தண்ணீர்.
எதற்கு எது என்பது
டாக்டர் கூவின் மேசையில், பூட்டிய உறைக்குள்.
இருபத்தெட்டாம் நாள்
உறை தேவைப்படவில்லை.
மஞ்சளில் மிச்சம் ஒரே ஒரு கிழம்.
நீலத்தில் ஐம்பத்தாறு.
"மனுஷக் கணக்கில் நூற்றிருபது வயசுக்காரங்க"
என்று கைதட்டினாள் ஃபைரூஸ்.
நானும்தான் சிரித்தேன்.

பிறகு நுண்ணோக்கியில் குனிந்தேன்.
இளமையில் பாக்டீரியாப் படுகைமேல்
ளகரம் ளகரமாகத் தடம் எழுதிப் போனவை
கிடந்த இடத்திலேயே கிடந்து
மூக்கை மட்டும் இடவலமாக ஆட்டின,
வேண்டாம் என்பதுபோல.
அப்படியெல்லாம் படிக்கக் கூடாது.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

எல்லாத் தட்டிலும் ஒன்றிரண்டு காணாமல் போகும்.
சாப்பாடு இருக்கும், ஈரம் இருக்கும்,
ஆனாலும் சுவரேறிப் போய்
பிளாஸ்டிக் விளிம்பில் காய்ந்து
வெள்ளைக் கீறலாய் ஒட்டியிருக்கும்.
சிலவற்றுக்கு அந்தக் கீறலும் இருக்காது.
அவற்றைச் செத்ததாக எழுதக் கூடாது.
இருப்பதாகவும் எழுதக் கூடாது.
கடைசியாகப் பார்த்த நாளைக் குறித்து
மூன்றாம் பத்தியில் போட வேண்டும்.
சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை.
டாக்டர் கூ சொன்னார்:
"அன்றுவரை உயிரோடு இருந்தது,
அது நிச்சயம்.
அந்த நிச்சயத்தை வீணாக்காதே."

தயாளன் அண்ணன்
பட்டர்வொர்த்தில் ஜொகூர் பஸ் ஏறியது
இரண்டாயிரத்துப் பதினொன்று, ஆகஸ்ட் நான்கு, வியாழன்.
தோளில் பேட்மின்டன் பை. உள்ளே மட்டை இல்லை, துணி.
அம்மா அவன் வயதைக் கூட்டிக்கொண்டே வருகிறாள்;
இந்த வருஷம் நாற்பத்திரண்டாம்.
"செத்துட்டான்னு நெனச்சுக்கோ" என்று
அப்பா ஒரே ஒரு தரம் சொன்னார்.
மூன்று மாதம் அவருக்குச்
சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள் அம்மா.
எங்கள் வீட்டில் இரண்டு பத்திகள்தான் இருந்தன.

போன மாதம் சமையலறைக் காலண்டரின் பின்பக்கம்
அந்தத் தேதியை எழுதிவைத்தேன்.
எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.
அம்மா மட்டும் காலண்டரைத் திருப்பி மாட்டினாள்,
மறுநாளும் திருப்பி மாட்டினாள்.

தைப்பூசத்தன்று
தான் வருவதாகச் சொன்னாள் ஃபைரூஸ்.
நான்தான் வந்தேன்.
தண்ணீர்மலைப் படியில் அம்மா நிற்கும் படம்
கைப்பேசியில் வந்து விழுந்தது, பாதி முகம் வேறொருவர் தோளில்.
வளாகத்தில் ஆளில்லை.
நாற்பத்தோராம் நாள்.
நீலத்தில் கடைசி ஒன்று.

கம்பியைக் காட்டி, ஆறவிட்டு,
ஒருமுறை.
இருமுறை.
மூன்று முறை.

விதி அதோடு முடிகிறது.
நான்காவதாகவும் தொட்டேன்.

அசைந்தது.
அல்லது கீழே சாலையில்
மணல் லாரி ஏதோ போனது.

கோடு போடவில்லை.
மூடியை மூடி
இருபது டிகிரிக்குள் திரும்ப வைத்தேன்.